ஒரே விரலால் காட்டும் இடுப்புவலி: எஸ்.ஐ. மூட்டுதானா என்று பார்ப்பது எப்படி?

இடுப்புவலி என்று வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "ஒரே விரலால் காட்டுங்கள்." உள்ளங்கையை இடுப்பின் குறுக்கே தேய்த்துக் காட்டினால் வலி வேறு எங்கிருந்தாவது வரலாம். முதுகு முடிந்து புட்டம் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் சின்னக் குழி தெரியும். விரல் அந்தக் குழிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாகப் போய் நிற்கிறதா? இன்னொரு முறை கேட்டாலும் அதே இடத்துக்குத்தான் போகிறதா? அப்படியானால் எஸ்.ஐ. (சாக்ரோஇலியாக்) மூட்டைச் சந்தேகிக்கலாம்.

முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு இது, பக்கத்துக்கு ஒன்று. மேலுடம்பின் பாரம் இதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. அசைவு சில டிகிரி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அவ்வளவே. ஆகவே "மூட்டு விலகிவிட்டது, தட்டிச் சேர்க்கிறேன்" என்பவரை நம்ப வேண்டாம். பெரிய விபத்தோ அடியோ இல்லாமல் இது விலகாது. தட்டும்போது கேட்கும் 'டக்' கொஞ்ச நேரம் சுகம் தரலாம், ஆனால் எலும்பு நகர்ந்ததற்கு அது சாட்சி இல்லை.

உட்கார்ந்து எழும் முதல் கணம், படுக்கையில் புரளும்போது, படியேறும்போது, பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது, ஒற்றைக் காலில் நின்று பேன்ட் மாட்டும்போது சுருக்கென்று பிடிக்கும். புட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் பரவும். பாதம் வரை மின்சாரம் போல இறங்கி விரல் மரத்தால் நரம்பு அழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று: வலியே இல்லாத நடுவயதுக்காரர்கள் பலருக்கும் எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுக்கம் தெரியும். ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்று இருப்பதாலேயே வலி அங்கிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ செய்யும் சோதனைகள் ஐந்து. ஒன்று இப்படி: மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு காலை இடுப்பிலும் முட்டியிலும் 90 டிகிரி மடக்கி, ஒரு கையை முக்கோண எலும்புக்கு அடியில் கொடுத்து, தொடையெலும்பு வழியாக நேர் கீழே அழுத்துவார். தசை இழுப்பது கணக்கில்லை. "அந்த வலியேதான்" என்று நோயாளி சொல்ல வேண்டும். ஒரு சோதனை மட்டும் பாசிட்டிவ் என்றால் அதற்கு மதிப்புக் குறைவு. ஐந்தில் மூன்று வந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

இனி எல்லோரும் தவறவிடும் இடம். வேலை செய்தால் கூடி, ஓய்வில் குறையும் வலி ஒரு வகை. அதற்கு நேர்மாறானது அழற்சி வகை. 45 வயதுக்குள் தொடங்கும், 3 மாதத்துக்கு மேல் நீளும், பின்னிரவில் எழுப்பும். காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு இருக்கும், நடந்தால் இளகும், ஒரு மாதம் வலப்புட்டம் என்றால் அடுத்த மாதம் இடப்புட்டம் வலிக்கும். இவர்கள் மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில வருடங்கள்கூட ஆகலாம். வழக்கமான முதுகு எம்.ஆர்.ஐ.யில் இந்த மூட்டு முழுதாக விழாது, எஸ்.ஐ. மூட்டுக்கென்றே தனியாக எழுதி வாங்குங்கள். இந்த வகைக்காக ரத்தத்தில் பார்க்கும் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக் குறி பாசிட்டிவ் என்பது மட்டுமே நோய் ஆகாது.

ஒரு பக்க வலியோடு காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை இருந்தால் காசநோயையும், ஆடுமாடுகளிடமிருந்து பரவும் புருசெல்லா தொற்றையும் தேட வேண்டும். ஆடுமாடு வளர்ப்பவர்களும் காய்ச்சாத பால் குடிப்பவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சாதாரண வகைக்குப் படுத்தே கிடப்பது உதவாது. 15–20 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். ஒருக்களித்துப் படுக்கும்போது முட்டிகளுக்கு நடுவே தலையணை, புரளும்போது இரு முட்டியும் ஒன்றாக. குழந்தையை ஒரே இடுப்பில் தூக்குவதையும் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்வதையும் சில வாரம் தள்ளிப்போடுங்கள். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

பெல்ட்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கடையில் கொடுக்கும் அகலமான முதுகு பெல்ட் இதற்கு ஆகாது. எஸ்.ஐ. பெல்ட் குறுகலானது. முன்பக்கம் துருத்தும் இடுப்பெலும்பு முனைகளுக்குக் கீழே, பக்கவாட்டில் தொடையெலும்பின் புடைப்புக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். இடுப்பு மடிப்பில் கட்டினால் வயிற்றைத்தான் இறுக்கும். பயன்படுமா என்று முன்பே பார்க்கலாம்: மல்லாந்து படுத்து முட்டி மடக்காமல் காலை 20 செ.மீ. தூக்குங்கள். கனமாக இருந்தால், ஒருவர் இரு பக்க இடுப்பெலும்பையும் உள்நோக்கி அழுத்த, மறுபடி தூக்குங்கள். இலகுவானால் பெல்ட் உதவக்கூடும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வரும் வலிக்கு இது பல பேருக்குக் கைகொடுக்கிறது. தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

பயிற்சியில் முதலாவது, மல்லாந்து முட்டி மடக்கிப் புட்டத்தைத் தூக்குவது: 5 விநாடி நிறுத்தி 10 முறை, நாளுக்கு 2 சுற்று. தொடையின் பின்புறம் பிடித்தால் குதிகால்கள் தள்ளி இருக்கின்றன, உள்ளே இழுங்கள். கீழ்முதுகு வளைந்தால் உயரம் அதிகம், குறையுங்கள். கூடவே முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து நெருக்குவதும் சேரட்டும். செய்யும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம். தணியாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய 6–8 வாரம் கொடுங்கள்.

அதன்பிறகும் தீராதவர்களுக்கு ஊசி. எக்ஸ்ரே, சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் போட வேண்டும். கைத்தடவலில் போடும் ஊசி பெரும்பாலும் மூட்டுக்குள் போவதில்லை. ஊசியிலுள்ள மரப்பு மருந்து வேலை செய்யும் முதல் சில மணி நேரத்தில் வலி முக்கால்வாசி போய்விட்டால், வலிக்குக் காரணம் இந்த மூட்டுதான் என்று கிட்டத்தட்ட உறுதி. அதனால் வீடு திரும்பியதும் மணிக்கொரு முறை வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தாளில் குறியுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை அளவு ஏறும், வீட்டு மீட்டரில் காலை மாலை பார்த்துக்கொள்ளுங்கள்.