தீவனப்புல் வயலில் கோரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பு நேப்பியர் தீவனப்புல் போட்ட வயலில் கோரை ஏறினால் உடனே ஆள் விட்டுப் பறிப்பதுதான் வழக்கம். பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி பச்சை கட்டிவிடும். பறிக்கும்போது கையோடு வருவது தாள் மட்டும்தான், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரு கிழங்கில் பல முளைக்கண்கள் உண்டு. ஒன்று போனால் அடுத்தது கிளம்பும்.

எந்தக் கோரை என்று பார்க்காமல் வேலையில் இறங்குவதும் தவறு. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், கணு இருக்காது. அருகம்புல் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஊசிக்கோரைக்கும் இதே முப்பட்டைத் தண்டுதான். மம்பட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பாருங்கள். வெறும் சல்லிவேராக இருந்தால் அது விதையில் வந்த ஊசிக்கோரை, பூக்குமுன் அறுத்தாலே அடங்கும். கறுத்த கிழங்குகள் சரமாகக் கோத்துக் கிடந்து, கிள்ளினால் வாசம் அடித்தால் கிழங்குக்கோரை. பத்தமடைப் பாய்க்கு அறுக்கும் கோரை இரண்டுமே இல்லை, அது வேறு இனம்.

பெரிய சேதம் ரோட்டவேட்டரால்தான். சரத்தின் நுனிக் கிழங்கு முளைவிட்டிருக்கும்வரை பின்னால் உள்ளவை பெரும்பாலும் உறங்கும். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் சரம் அறுந்து, உறங்கிய கிழங்கெல்லாம் தனித்தனியே முளைக்கும், வயல் முழுக்கப் பரவவும் செய்யும். பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் கட்டியதால் கோரை செத்துவிட்டது என்று நம்புவதும் இதே வகை. தண்ணீரில் அது அடங்கித்தான் கிடக்கும், சாகாது.

கிழங்கைக் கொல்வது வெயிலில் காயப்போடுவதுதான். பிசான அறுவடைக்குப் பின், சித்திரை வெயிலில் மண் காய்ந்திருக்கும்போது சட்டிக்கலப்பையால் 20 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் உழ வேண்டும். கட்டிக்குள் மாட்டிய கிழங்கு காயாது. அதனால் ஒரு வாரம் கழித்துக் கொத்துக்கலப்பையால் குறுக்கே உழுது கட்டியை உடைத்து, மேலே வந்த கிழங்கை இரண்டு வாரம் வெயிலில் கிடக்க விடுங்கள். மேற்கே கடையம், தென்காசிப் பக்கம் சாரல் இறங்குமுன் இது முடிந்துவிட வேண்டும். பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

பிறகு தண்ணீர் பாய்ச்சி, மிச்சத்தை முளைக்க வைத்துக் கொத்துங்கள். முளைத்து மூன்று, நான்கு வாரமானால் புதுக்கிழங்கு கட்டத் தொடங்கிவிடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு கொத்து. இதை ஒருமுறையோடு நிறுத்துவதால்தான் பலருக்குப் பலனில்லை.

கோரைக்கு நிழல் ஆகாது. கூலியை மிச்சம் பிடிக்கப் புல்லின் கரணையை (நடும் தண்டுத் துண்டை) எட்டி எட்டி நட்டால் அதற்குத்தான் லாபம். 60 x 50 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 13,300 கரணை, கரணை பட்டுப்போன இடத்தில் உடனே மறுநடவு. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் வயல் வெளிச்சமாகிவிடும், அந்த முதல் இரண்டு வாரத்தில் கொத்தத் தவறக்கூடாது.

களைமருந்து விஷயத்தில் அட்ரசின் கோரையை அசைக்காது. 2,4-டி தாளை மட்டும் கருக்கும். கிளைபோசேட் நேப்பியரையும் சேர்த்தே கொல்லும். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் 75 சதக் குருணை ஏக்கருக்கு 36 கிராம் வீதம், கோரை மூன்று நான்கு இலையில் இருக்கும்போது தெளிக்கிறார்கள். மாட்டுக்கு அடிக்கடி அறுத்துப் போடும் புல்லில் அதை அடிக்காதீர்கள். கோரை மண்டிய வயலில் ஒரு போகம் மக்காச்சோளம் போட்டுக் கோரையை ஒடுக்கிவிட்டுப் புல்லுக்கு வருவதே உத்தமம்.

கடைசியாக, கோரை வந்த வழி. குளத்துக் கரம்பை மண் அடிக்குமுன் நான்கைந்து இடத்தில் தோண்டிக் கிழங்கு பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் வரும். பக்கத்து வயலில் புல்லை வேரோடு தூராகப் பிடுங்கி நட்டாலும் ஒட்டிய மண்ணோடு சேர்ந்து வரும். முற்றிய தண்டில் இருகணுக் கரணையாக வெட்டி நட்டால் அந்த வில்லங்கம் இல்லை.