ஆசிரியர் செயலமர்வு: வன்னியில் திரும்பத் திரும்ப விடப்படும் பிழைகள்

செயலமர்வு பிழையாகிப்போவது பெரும்பாலும் அழைப்புப் பட்டியல் போடும் நாளில்தான். கல்வி வலய அலுவலகத்தின் கோப்பில் ஆசிரியர்கள் நியமனப் பாடத்தின்படி இருப்பார்கள். சின்னப் பாடசாலையின் நேரசூசி அப்படி இருக்காது. சமூகக்கல்விக்கு நியமனம் பெற்றவர் தரம் 7க்கு விஞ்ஞானம் எடுப்பார், சித்திர ஆசிரியர் கணிதம் எடுப்பார். கோப்பைப் பார்த்து ஆள் கூப்பிட்டால், அந்தப் பாடத்தைத் தொடாதவர் மண்டபத்தில் இருப்பார். எடுப்பவர் பாடசாலையில் நிற்பார். கடிதத்தில் "விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை அனுப்பவும்" என்று எழுதாமல், "இந்த ஆண்டு தரம் 6, 7 விஞ்ஞானப் பாடவேளைகளை எடுப்பவர், அவரது நியமனப் பாடம் எதுவாயினும்" என்று எழுதுங்கள். அதிபரின் கைக்கு அது இரண்டு கிழமைக்கு முன்னரே போய்ச்சேர வேண்டும். முதல்நாள் பின்னேரம் வாட்ஸ்அப்பில் போனால் யாருக்குப் பாடவேளை குறைவோ அவர்தான் வருவார்.

ஐந்தாறு ஆசிரியர்களே உள்ள பாடசாலையிலிருந்து ஒரே நாளில் இரண்டு பேரைக் கூப்பிடுவதும் பிழை. இரண்டு வகுப்புகள் வெறுமனே கிடக்கும். அடுத்த முறை அதிபர் ஒருவரையும் விடமாட்டார். ஒரே செயலமர்வை ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு அணிக்கு நடத்துங்கள்.

நாளும் நேரமும்

ஒக்ரோபர் கடைசியிலிருந்து மாரி. வவுனிக்குளமோ முத்தையன்கட்டுக் குளமோ நிரம்பி வான் பாயும் நாட்களில் தாழ்வான தாம்போதிப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும். உட்கிராமத்துப் பஸ் பாதியில் திரும்பிவிடும். நேரில் நடத்த வேண்டியவற்றை முதலாம், இரண்டாம் தவணைகளில் முடித்துவிடுவது நல்லது. நேரம் 8.30 என்று போட்டுவிட்டு 9.30 வரை காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவரைத் தண்டிக்கும் வேலை. பாண்டியன்குளத்திலிருந்து வருபவரின் பஸ்ஸையும், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் நாளாந்தம் வந்துபோகிறவரின் பஸ்ஸையும் கேட்டறிந்து, 9 மணிக்குத் தொடங்கி 1.30க்கு முடியுங்கள். தேநீருக்கு 20 நிமிடம் போக 250 நிமிடம் கிடைக்கும். ஒரேயொரு விடயத்துக்கு அது போதும். மூன்று விடயத்துக்குப் போதாது.

புரொஜெக்டரில் கரையும் காலை

அடுத்த பிழை, அந்த 250 நிமிடத்தையும் பயிற்சி நடத்தும் வளவாளரே பேசித் தீர்ப்பது. ஆசிரியப் பயிற்சிக்கு ஐந்து கூறுகள் வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர்களான புரூஸ் ஜொய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980இலேயே எழுதினார்கள்: கோட்பாடு, செய்துகாட்டல், செய்துபார்த்தல், பின்னூட்டல், வகுப்பறையில் கூடநின்று வழிகாட்டல். எங்கள் செயலமர்வுகளில் பல முதலாவதிலேயே நின்றுவிடுகின்றன. மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை.

24 பேருக்கு இப்படிப் பிரிக்கலாம். ஒவ்வொருவரும் கொண்டுவந்த ஐந்து மாணவர் கொப்பிகளில் பொதுவாகத் தெரியும் தவறுகளைப் பொறுக்கி எடுக்க 30 நிமிடம். விளக்கம் 20. வளவாளரின் மாதிரிப் பாடம் 40. அறுவர் கொண்ட நான்கு குழுக்களில் ஒவ்வொருவரும் 10 நிமிடம் கற்பித்து, 5 நிமிடம் கருத்துக் கேட்க 90. அடுத்த கிழமைப் பாடத்தை அங்கேயே எழுத 45. மிச்சம் 25 நிமிடம் கேள்விகளுக்கு. அது எப்படியும் கரைந்துவிடும். கொப்பி கொண்டுவரச் சொல்ல மறந்தால் முதல் அரைமணி நேரம் "பிள்ளைகளுக்கு அடிப்படை இல்லை" என்ற முறைப்பாட்டிலேயே போய்விடும்.

செய்துகாட்டும் பொருள் திரும்பிப்போகும் வகுப்பறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அமிலமும் காரமும் பாடத்துக்கு செயலமர்வு நடக்கும் ஆசிரியர் மத்திய நிலையத்தில் பாசிச்சாயத்தாளும் (லிட்மஸ் தாள்) ஐதரோகுளோரிக் அமிலமும் வைத்துக் காட்டினால் எல்லாரும் ரசிப்பார்கள்; ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்குத் திரும்பியதும் பாடம் பழையபடி வெண்கட்டிதான். பதிலாகச் செவ்வரத்தம்பூ. நல்ல சிவப்புப் பூக்கள் ஐந்தின் இதழ்களைக் கிழித்து 100 மில்லிலீற்றர் சுடுநீரில் 10 நிமிடம் ஊறவிட்டு வடித்தால், அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும் காட்டி தயார். தேசிக்காய்ச் சாறு இரண்டு மூன்று துளி விட்டால் பளிச்சென்ற சிவப்பாகும், அப்பச்சோடாக் கரைசல் விட்டால் பச்சையாகும்.

இங்கேதான் வன்னிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர் (கடின நீர்). அதில் கரைந்துள்ள இருகாபனேற்று (பைகார்பனேட்) நீரைச் சற்றுக் காரமாக்கிவிடும். அந்த நீரில் ஊறவைத்தால் சாறு தொடக்கத்திலேயே மங்கி, பச்சை கலந்த நிறத்துக்குப் போய்விடும். பிறகு அப்பச்சோடா விட்டாலும் பிள்ளையின் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. "பரிசோதனை பிழைத்துவிட்டது" என்று ஆசிரியர் கைவிடுவார். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ எடுத்தால் சரிவரும். பெரும்பாலும் கிணற்று நீர்தான் என்றால் அதையே பாடமாக்கலாம்: அதிலும் கொஞ்ச மழைநீரிலும் ஊறவைத்து, ஏன் நிறம் வேறு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சாறு மறுநாளே பழுதாகத் தொடங்கும், அன்றன்றைக்கே தயாரிக்க வேண்டும். இப்படியான தடுமாற்றங்களைச் செயலமர்வில் வேண்டுமென்றே ஒருமுறை நடக்கவிட வேண்டும். எல்லாம் சரியாக வந்த செய்துகாட்டலைப் பார்த்துவிட்டுப் போகிறவர் தன் வகுப்பில் பிழைத்ததும் தனித்துப்போகிறார்.

பல்தரக் கற்பித்தலும் இப்படித்தான். தரம் 3, 4, 5 பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் பாடசாலைக்கு, 35 பிள்ளைகள் கொண்ட தனி வகுப்புக்கு எழுதிய பாடத்திட்டத்தைக் கொடுத்தனுப்புவது அநியாயம். ஒரு குழுவோடு ஆசிரியர் நிற்கும் 15 நிமிடமும் மற்ற இரு குழுக்களும் என்ன செய்யும் என்று மாதிரிப் பாடத்திலேயே காட்டுங்கள்.

படிப்படியாகச் சுருங்கும் பயிற்சி

மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் சில நாட்கள் நடப்பது மாகாணத்துக்கு வரும்போது குறையும், வலயத்தில் ஒரு நாளாகும், பாடசாலையில் இடைவேளைக்குப் பின்னரான அரைமணியாகும். நேரம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது செய்துபார்த்தல். மிஞ்சுவது சுற்றுநிருபமும் போட்டோ கொப்பியும். மேலே போய்வந்தவரிடம் முழுவதையும் சொல்லச் சொல்லாதீர்கள். இரண்டு செயற்பாடுகளைத் தெரிவுசெய்து, அவற்றைப் பல்லுப் பிடுங்காமல் முழுசாகச் செய்விக்கச் சொல்லுங்கள்.

பின்தொடர்தல் இல்லாமை பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஆசிரிய ஆலோசகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வலயம் முழுக்கச் சுற்றுவது நடக்கிற காரியமில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆகவே மூன்று கிழமைக்குள் நாலைந்து பாடசாலை மட்டும் போனால் போதும். ஒரு 40 நிமிடப் பாடவேளையைப் பார்த்து, ஒரேயொரு விடயத்தை மட்டும் பேசிவிட்டு வாருங்கள். மற்றவர்கள் மாணவர் கொப்பியில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். ஆசிரியர் வகுப்பறையில் நிற்கும் செல்பி வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது.

கடைசியில் கொடுக்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் "மிக நன்று" நிறைய வரும். பஸ்ஸுக்கு அந்தரப்படும் மனிதர் வேறென்ன எழுதுவார்? பதிலாக ஒரு கேள்வி போதும்: "அடுத்த கிழமை எந்த நாள், எந்தப் பாடவேளையில் இதைச் செய்வீர்கள்?" ஆலோசகர் எங்கே, எப்போது போவது என்பதற்கான பட்டியலும் அதிலிருந்தே கிடைக்கும்.

இன்னொன்று இடமாற்றம். கஷ்டப் பிரதேச சேவையை முடித்தவர் ஊருக்குப் போகும்போது பெற்ற பயிற்சியும் கூடவே போய்விடும். பங்குபற்றுபவர் பாடசாலையில் இன்னொருவரை முதல்நாளே சோடியாக வைத்துக்கொள்ள வேண்டும். குறிப்புகள், எழுதிய பாடத்திட்டம், எந்த நீரில் சாறு எடுபட்டது என்பது வரை ஒரு கோப்பில் இட்டு அதிபரின் அலுமாரியில் வைக்க வேண்டும். சான்றிதழை மட்டும் அவர் கொண்டுபோகட்டும்.