பெரிய மெமரி சர்வரின் கிராஷ் டம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஎம்கோரை, அதாவது லினக்ஸ் கெர்னல் விழும்போது மெமரியைப் பதிந்து வைக்கும் டம்ப் ஃபைலைப் படிக்கச் சொந்தமாகக் கருவி எழுதும் புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மாட்டுகிறார்கள். டிஸ்க் நிறைவது, கிராஷ்கெர்னல் ஒதுக்கீடு (டம்ப் எடுக்கும் கெர்னலுக்கு விடும் மெமரி) போதாதது எல்லாம் உடனே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேஜ் எண்ணை 32 பிட்டில் அடைப்பது

டம்ப்பைச் சுருக்கி எழுதும் கருவி மேக்டம்ப்ஃபைல். அது எழுதும் கேடம்ப் வடிவத்தின் முதல் ஹெடரில், பேஜ் எண்ணின் எல்லையைச் சொல்லும் மேக்ஸ்_மேப்என்ஆர் வெறும் 32 பிட். 4 கேபி பேஜ் என்றால் 16 டிபியோடு சரி. அதனால்தான் ஹெடர் பதிப்பு 6-இல், சப் ஹெடருக்குள் மேக்ஸ்_மேப்என்ஆர்_64 வந்தது. பழையதும் அதே இடத்தில் இருப்பதால் பலர் அதையே படிக்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி சரியான ஃபீல்டைத்தான் படித்தான். போட்டு வைத்ததோ 32 பிட் அன்சைன்டு இன்ட்டில். டம்ப் 24 டிபி சர்வருடையது. ஹெடரில் ஹெக்ஸ் 180000000 இருந்தது. முன்னால் இருந்த 1 உதிர்ந்து 80000000 ஆனது, அதாவது 8 டிபி. சி கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஜிசிசியின் எச்சரிக்கை ஆப்ஷன் -Wall கொடுத்தாலும் இதற்கு எச்சரிக்கை வராது. 8 டிபிக்கு மேலிருந்த பேஜையெல்லாம் கருவி "இல்லை" என்றது.

"அண்ணா, ஃபில்டர்ல போயிருச்சு. டம்ப் லெவலை 31-லிருந்து 0 ஆக்கிட்டு அடுத்த கிராஷ் வரைக்கும் பார்க்கலாம்" என்றான். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்த முடிவை நினைத்தால்தான். டம்ப் லெவல் என்பது எந்தப் பேஜ்களைக் கழிப்பது என்று மேக்டம்ப்ஃபைலுக்குச் சொல்லும் எண். லெவல் 31 கழிப்பது ஜீரோ, கேஷ், யூசர், ஃப்ரீ பேஜ்களை. அவன் தேடியதோ ஒரு டாஸ்க்கின் கெர்னல் ஸ்டாக். ஃபில்டர் அதைத் தொடாது. தகவல் கையிலிருந்த ஃபைலிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் இன்னொரு தடவை விழக் காத்திருப்பதா? "பேஜ் இல்லை" என்று வந்தால் முதலில் உங்கள் எல்லை எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். அப்புறம் டம்ப்பைச் சந்தேகப்படலாம்.

"எங்களிடம் 16 டிபி ராம் இல்லையே"

மேக்ஸ்_மேப்என்ஆர் ராமின் அளவைச் சொல்வதில்லை. மிக உயர்ந்த பேஜ் எண் எது என்பதைத்தான் ஒட்டியது. நூமா நோடுகளுக்கிடையே (தனித்தனி மெமரி உள்ள சிபியு தொகுதிகள்) முகவரியில் ஓட்டை இருந்தால், குறைந்த ராமிலும் எல்லை தாண்டும்.

ஷிஃப்ட் செய்தபின் காஸ்ட்

பேஜ் எண்ணை முகவரியாக்கும்போது முதலில் அதை 64 பிட் ஆக்குங்கள், பிறகு 12 பிட் நகர்த்துங்கள்.

ஈஎல்எஃப்பில் இ_பிஎச்நம்

டம்ப் ஈஎல்எஃப் வடிவத்தில் இருந்தால், புரோகிராம் ஹெடர்களின் எண்ணிக்கையைச் சொல்லும் இந்த ஃபீல்டு 16 பிட். 65535 என்று இருந்தால் உண்மையான எண்ணிக்கை முதல் செக்ஷன் ஹெடரின் எஸ்எச்_இன்ஃபோவில் இருக்கும்.

ஃபில்டர் இல்லாத டம்ப்பை இஎக்ஸ்டி4-இல் எழுதுவது

4 கேபி பிளாக்கில் ஒரு ஃபைல் 16 டிபியைத் தாண்டாது. எக்ஸ்எஃப்எஸ் வையுங்கள்.