கண்டம் தாண்டி பைக்கில் போக நினைக்கும் வன்னிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் இப்போது பைக்கில் நீண்ட தூரம் ஓடுகிற இளம் ஆட்கள் கூடிவிட்டார்கள். நுவரெலியா, அறுகம்பை, மாத்தறை என்று ஓடி முடித்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது ஆபிரிக்காவில் ஓடலாமா, ஐரோப்பா வரை போகலாமா என்பதைத்தான். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் இப்படிக் கேட்பவர்களுடைய தயாரிப்பைப் பார்த்தால் முழுவதும் பைக்கைச் சுற்றியே நடக்கிறது. எந்த ரயர், எந்தப் பெட்டி, எத்தனை லைட் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. கிரவலும் சேறும் காட்டுப்பாதையும் நமக்குப் பழக்கம், ஒரு கிளச் கேபிளை மாற்ற யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நமக்குப் பழக்கமில்லாதவை கடதாசி, எல்லை, குளிர், உயரம். முதல் பயணம் குழம்புகிறதும் அங்கேதான்.

முதல் தவறு, கூகுள் மப்பில் ஒரு கோடு கீறி அதையே பாதை என்று நம்புவது. நாம் இருப்பது தீவு. காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பலில் ஆள் போகலாம், பைக் ஏறாது. ஆகவே கொழும்பில் கொள்கலனில் ஏற்றித்தான் எங்கேயும் அனுப்ப வேண்டும். சரி, சென்னைக்கு அனுப்பி அங்கிருந்து தரைவழியே ஐரோப்பா என்று நினைத்தால், இந்தியாவிலிருந்து மேற்கே வெளியேறும் அட்டாரி – வாகா எல்லை 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கிழக்கே மியன்மார் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு தரைவழிப் பயணிகளுக்குச் சரிவரவில்லை. வடக்கே நேபாளம் தாண்டி திபெத் என்றால், சீனாவுக்குள் வெளிநாட்டு பைக் போக முன்கூட்டிய அனுமதி, தற்காலிக இலக்கத்தகடு, தற்காலிக லைசன்ஸ், கூடவே ஒரு வழிகாட்டி எல்லாம் வேண்டும், செலவு பெரியது. தாய்லாந்தும் 2016 முதல் தூர நாட்டு வாகனங்களுக்கு முகவர் ஊடாக அனுமதி கேட்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்துப் பாதை போடுகிறவர்களுக்கு இது எதுவுமே தெரிவதில்லை. எல்லை நிலவரத்தைக் கிளம்புவதற்கு முதல் மாதத்திலும் பார்க்க வேண்டும், கிளம்பிய பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் நம் ஆட்களுக்கு முதல் பயணத்துக்கு ஏற்றது கிழக்கு, தெற்கு ஆபிரிக்காதான். கொழும்பிலிருந்து மொம்பாசாவுக்கு பைக்கை அனுப்பிவிட்டு, கென்யா, தன்சானியா, மலாவி, சாம்பியா, பொட்ஸ்வானா, நமீபியா, தென்னாபிரிக்கா என்று இறங்கலாம். இந்த ஏழு நாட்டிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். பஜாஜ் கிழக்கு ஆபிரிக்காவின் தெருவெல்லாம் ஓடுகிறது, ஆகையால் நாம் இங்கே வைத்திருக்கிற வகைக்கு அங்கே பாகமும் உண்டு, கைதேர்ந்த மெக்கானிக்கும் உண்டு. ஐரோப்பாவில் மாமாவும் சித்தியும் இருப்பதால் மனம் அந்தப் பக்கம் போவது விளங்குகிறது. அதற்கு அடுத்த முறை போகலாம்.

இனி கடதாசி. இதில்தான் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

வன்னியில் ஓடுகிற பைக்குகளில் ஏராளமானவை லீசிங்கில் இருப்பவை. பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் பதிவு உரிமையாளராக இருக்கும், முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி இருக்கும். அவர்களுடைய எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் பைக்கை நாட்டை விட்டுக் கொண்டுபோக நினைக்காதீர்கள். முடிந்தால் லீசிங்கைக் கட்டி முடித்துவிட்டே பயணத்தைப் பற்றி யோசியுங்கள். இன்னொரு கூட்டம் பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாற்றல் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓடுகிறது. ஊருக்குள் அது ஓடும், துறைமுகத்தில் ஓடாது. முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பெயர் என்றதும் அடுத்தது. பாஸ்போட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, லைசன்ஸில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக, பைக் புத்தகத்தில் யாரோ ஒரு லிகிதர் கேட்டபடி எழுதியது. இது நம்மில் பாதிப்பேருக்கு இருக்கிற பிரச்சினை. இடப்பெயர்வுகளில் ஆவணம் தொலைத்து, பிறகு நடமாடும் சேவையில் வரிசையில் நின்று புதிதாக எடுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல். இங்கே உள்ள அதிகாரிக்கு விளக்கம் சொல்லலாம். ஒரு நாட்டுச் சுங்கத்தில், உங்கள் பாசையும் தெரியாத ஒருவரிடம், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிப்பது பெரும்பாடு. பாஸ்போட்டில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் திருத்துங்கள், கப்பல் பற்றுச்சீட்டு உட்பட. என்ஜின் இலக்கம், சேசிஸ் இலக்கம் இரண்டையும் பைக்கில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். துருப்பிடித்து வாசிக்க முடியாமல் இருந்தால் இங்கேயே சரிசெய்யுங்கள். லைசன்ஸில் ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்கும்தான், அதற்கு மேல் ஏ வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியிலும் மோட்டார் சைக்கிள் பகுதியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிறகு கார்னே. வாகனத்தைத் தற்காலிகமாகக் கொண்டுபோகிறேன், விற்கமாட்டேன், திருப்பிக் கொண்டுபோவேன் என்பதற்கான உத்தரவாதப் புத்தகம் அது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான் போன்ற நாடுகள் அது இல்லாமல் பைக்கை உள்ளே விடாது. கிழக்கு ஆபிரிக்காவிலும் அது இருந்தால் துறைமுக வேலை லேசாகும். இங்கே அதைக் கொழும்பில் உள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோனில் எடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குச் செல்லும். பைக்கின் பெறுமதியையும் போகிற நாடுகளையும் வைத்து ஒரு பெரிய தொகையை வைப்பாகவோ வங்கி உத்தரவாதமாகவோ கேட்பார்கள், சில நாடுகளுக்கு அது பைக் விலையையே தாண்டும். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது என்பதால் இங்கே பைக் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், வைப்பும் அதற்கேற்ப ஏறும். பலர் கப்பல் செலவையும் பெற்றோலையும் கணக்குப் பார்த்துவிட்டு இந்தத் தொகையை மறந்துவிடுகிறார்கள்.

கார்னேயின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே போகும்போது கீழ்த்துண்டைக் கிழித்து எடுப்பார்கள், வெளியே வரும்போது நடுத்துண்டை. மேல்துண்டு உங்களிடம் நிற்கும், அதில் இரண்டு முத்திரையும் இருக்க வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால் அந்த நாட்டைப் பொறுத்தவரை பைக் இன்னும் அங்கேயே இருக்கிறது, வரியை உங்கள் வைப்பிலிருந்து கேட்பார்கள். எல்லையில் வெயிலும் சனமும் ஏஜென்டுகளின் இழுபறியுமாக இருக்கும்போது, முடிந்தது போ என்று யாராவது கை காட்டினால் போய்விடத் தோன்றும். போகாதீர்கள். புத்தகத்தைத் திறந்து முத்திரையையும் திகதியையும் பார்த்து, போனில் படமெடுத்த பிறகே பைக்கை ஸ்டார்ட் பண்ணுங்கள்.

கப்பல் முகவர் சொல்லும் கூலி பாதிக் கதைதான். இறங்குகிற துறைமுகத்தில் கையாளும் கட்டணம், களஞ்சிய வாடகை, அங்குள்ள முகவரின் கூலி எல்லாம் தனி, சிலவேளை அவை சேர்ந்து கப்பல் கூலியைத் தாண்டும். இரண்டு பக்கச் செலவையும் எழுத்தில் வாங்காமல் பைக்கை ஒப்படைக்க வேண்டாம்.

விசாவில் நம் பாஸ்போட்டுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஐரோப்பியப் பயணிகள் போகிற வழியில் விசா எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதுவதை நம்பாதீர்கள், அது அவர்களுக்கு. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்க முடியாது, பொதுவாக நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், கிடைத்தாலும் 180 நாளுக்குள் 90 நாள்தான். துருக்கி வரை ஓடிப்போய் அங்கே எடுப்போம் என்று திட்டமிட்டால் பைக் அங்கேயும் நீங்கள் கொழும்பிலுமாக நிற்க வேண்டி வரலாம்.

காலத்தைப் பற்றி ஒரு விடயம். வயல் செய்கிறவர்கள் காலபோக அறுவடை முடித்து, நெல் விற்ற காசு கையில் வந்ததும் மாசி பங்குனியில் கிளம்ப நினைப்பார்கள். மத்திய ஆசியா, லடாக் பக்கம் என்றால் அது நல்ல கணக்கு, உயரக் கணவாய்கள் ஆனி ஆடியில்தான் ஒழுங்காகத் திறந்திருக்கும், மெதுவாகப் போய்ச் சேரலாம். ஆனால் கென்யா தன்சானியாவுக்கு அது சரிவராது, மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழை. சிறுபோகத்தை விட்டுவிட்டு ஜூனில் போனால் உலர்காலம் கிடைக்கும்.

குளிரும் உயரமும் நமக்குத் தெரியாத சாமான்கள். வன்னியில் பிறந்தவனுக்கு மார்கழிப் பனியே குளிர். பத்துப் பாகை வெப்பநிலையில் மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடினால் உடம்புக்கு அது நாலு பாகை போல இருக்கும், விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். லடாக்கின் கர்துங்லா 5,300 மீற்றரைத் தாண்டும். 3,000 மீற்றருக்கு மேல் போனால் இரவு தூங்குகிற உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது, தலையிடியும் வாந்தியும் வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. கார்புரேட்டர் பைக்குக்கும் மூச்சு வாங்கும், பயப்படத் தேவையில்லை.

தூரத்திலும் பலர் பிழை விடுகிறார்கள். ஏ9 வீதியில் ஒரே மூச்சில் கொழும்புக்கு ஓடுகிற பழக்கத்தை வைத்து நாளுக்கு 500 கிலோமீற்றர் என்று எழுதுகிறார்கள். ஒரு நாள் முடியும், தொடர்ந்து முடியாது. 250 போதும், எல்லை தாண்டும் நாளில் பூச்சியம் என்றே போடுங்கள். இரவில் ஓடவே வேண்டாம். இரவில் ஏ9இல் படுத்திருக்கிற மாடும் ஒட்டுசுட்டான் பக்கம் குறுக்கே வருகிற யானையும் தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அங்கே லைட் இல்லாத லொறியும் சேரும்.

சாமான் குறையுங்கள். உடுப்பு மூன்று சோடி, ரியூப், ரயர் லீவர், சிறிய பம்ப், செயின் லிங்க், பிளக், கேபிள், பியூஸ். மற்றதெல்லாம் வழியில் விற்கிறது.

உடம்பைப் பற்றி முக்கியமான ஒன்று. ஒரு காலத்தில் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை, அம்மம்மாவைக் கேட்டால் சொல்வார். 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது, இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சலின் முகமே தெரியாது. ஆபிரிக்காவில் அது ஆளைக் கொல்கிறது. மலேரியாத் தடை இயக்கம் வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தருகிறது, மாவட்டத்தில் உள்ள மலேரியாப் பிரிவில் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் ஆபிரிக்கா போய் வந்தேன் என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு பத்து நாளுக்குப் பிறகுதான் அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். பயணக் காப்புறுதி வாங்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, உங்கள் சிசி அளவில், அதில் அடங்குகிறதா என்று வாசித்துப் பாருங்கள், பல திட்டங்களில் அது விலக்கு. இங்கே எடுத்த வாகனக் காப்புறுதி வெளியே செல்லாது. கிழக்கு ஆபிரிக்காவில் கொமேசா மஞ்சள் அட்டை என்கிற வாகனக் காப்புறுதி ஒன்று எடுத்தால் பல நாடுகளுக்குப் போதும்.

கூடாரம் அடிக்க றோட்டை விட்டு உள்ளே இறங்கும் முன் அந்த இடத்தின் சரித்திரத்தைக் கேளுங்கள். பொஸ்னியாவிலும் மேற்கு சகாராவிலும் மிதிவெடி இன்னும் கிடக்கிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை எல்லா இடத்திலும் இருக்காது, பாவித்த தடத்தை விட்டு விலகாதீர்கள்.

வீட்டை மறந்துவிடாதீர்கள். இந்த மண்ணில் ஒரு பிள்ளையின் போன் இரண்டு நாள் வேலை செய்யாவிட்டால் ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்தப் பகுதியில் சிக்னல் இருக்காது, எத்தனை நாளுக்குப் பயப்படக்கூடாது, அதன் பிறகு யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். செய்மதி மூலம் செய்தி அனுப்பும் கருவி நல்லது, ஆனால் அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுபோனால் கைது செய்வார்கள், வெளிநாட்டவர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, திரும்பி வருகிற செலவு. உங்கள் விமான டிக்கெட்டும் பைக்கின் திரும்பும் கப்பல் கூலியும் சேர்ந்த தொகையை வேறு கணக்கில் போட்டு, அதன் அட்டையை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். பைக் கொழும்பில் இறங்கி, சுங்கத்தில் அதே சேசிஸ் இலக்கம் பார்த்துப் பதிந்து, கார்னேயைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வைப்புப் பணம் விடுபடும். அதற்கும் சில கிழமைகள் எடுக்கும், அந்தக் காசை நம்பி அடுத்த போகத்துக்கு உரம் வாங்கக் கடன்படாதீர்கள்.