தள்ளிப்போன மஸில்லோடர் லோடு சோதனையை ஒரே காலையில் முடிக்க

மஸில்லோடர் என்பது நம்மூர் நாட்டுத் துப்பாக்கியைப் போலக் குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் ரைஃபிள். அமெரிக்காவில் இதற்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. ஒரு வெடிக்கு இடும் மருந்து, குண்டு, துணி ஆகியவற்றின் சேர்க்கைதான் லோடு; எது நெருக்கமாகச் சுடுகிறது என்று பார்ப்பது லோடு சோதனை. கோடையில் செய்ய நினைத்த இந்தச் சோதனை பருவம் நெருங்கும்வரை தள்ளிப்போவது பெரும்பாலும் திட்டம் பெரிதாக இருப்பதால்தான். 3 மருந்து, 2 அளவு குண்டு, குண்டைச் சுற்றும் துணியில் 4 தடிமன் என்று போட்டால் 24 சேர்க்கை. சேர்க்கைக்கு 5 வெடி என்றால் 120. ஒவ்வொரு வெடிக்கும் நடுவே குழலைத் துடைத்து 3 நிமிடம் எடுத்தாலே 6 மணி நேரம். யாராலும் முடியாது.

எனவே ஒரு குண்டு, ஒரு துணி, ஒரு மருந்து என்று நிறுத்துங்கள். மாறுவது மருந்தின் அளவு மட்டும். குழலின் உட்புறச் சுழல் பள்ளமான புரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும், .50 காலிபர் (அரை அங்குலக் குழல்வாய்) ஹாக்கன் என்ற பழைய அமெரிக்க வகை ரைஃபிள் என்றால் .490 அங்குல ஈயக்குண்டு, .015 அங்குல மெத்தையுறைத் துணி, 2எஃப் (மணியின் பருமனைக் குறிக்கும் தரம்) கருமருந்து. 50, 60, 70, 80 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு அலகு), ஒவ்வொன்றிலும் 5 வெடி. 20 வெடிக்கு 1,300 கிரெயின்தான் செலவாகும். ஒரு பவுண்டு டப்பாவில் 7,000 இருக்கிறது. துப்பாக்கியோடு வந்த கையேடு சொல்லும் உச்ச அளவு இதைவிடக் குறைவென்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் ட்ரிபிள் செவன் பயன்படுத்துகிறவர்கள் கருமருந்து அளவிலிருந்து 15 சதவீதம் குறைக்க வேண்டும். இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து எந்த அளவிலும் கூடாது, குழல் பிளந்துவிடும்.

மாதக்கணக்கில் தள்ளிப்போயிருந்தால் பழைய மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. முன்பே எண்ணெய் தடவி வைத்த துணி நாளாக நாளாக நைந்துவிடும். சுட்டால் பொத்தலாகும், குண்டு சிதறும், பழி மருந்தின்மேல் விழும். துணிக்குப் புதிதாகத் தடவுங்கள். மருந்து டப்பாவின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறியிருந்தால் போன வருடக் குறிப்போடு சேர்க்காமல் 50இலிருந்தே ஆரம்பியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் குண்டைத் தள்ளும் கம்பியான ராம்ராடைக் குழலுக்குள் இறக்கி, குழல் காலியாக இருந்தபோது அதில் போட்டுவைத்த கோடு குழல்வாயோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கோடு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பழைய லோடாகவே இருக்கலாம்.

களத்தில் முதல் வேலை, குழலிலுள்ள காப்பெண்ணெயை ஆல்கஹால் நனைத்த துணியால் எடுப்பது. குழல்வாயை ஒரு புல் நுனிக்கு அருகே காட்டி மருந்து போடாமல் வெறும் கேப் (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) ஒன்றை அடியுங்கள். புல் அசைந்தால், கேப் மாட்டும் நிப்பிளிலிருந்து குழலுக்குள் போகும் வழி திறந்திருக்கிறது. பிறகு ஒரு வெடியைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். சுத்தமான குழலின் முதல் குண்டு பெரும்பாலும் தனியாகத்தான் போய் விழும்.

மருந்தை டப்பாவிலிருந்தோ மருந்துக் கொம்பிலிருந்தோ நேராகக் குழலில் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் கையிலிருக்கும் மருந்து முழுவதும் வெடிக்கும். பித்தளை அளவையில் எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் தட்டி, அதிலிருந்து ஊற்றுங்கள். குண்டை மருந்தின்மேல் ஒட்ட உட்காரும்வரை தள்ள வேண்டும். இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் உப்பலாம், வெடிக்கலாம். அந்தந்த அளவுக்கு ராம்ராடில் கோடு போட்டுவைத்தால் கசடு சேர்ந்து குண்டு பாதியில் நிற்பது உடனே தெரியும். வெடிக்கு ஒரு முறை, லேசாக ஈரமான துணியின் இரண்டு பக்கத்தாலும் துடைத்து, உலர்ந்த துணி ஒன்று விடுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் ஈரம் நிப்பிள் பக்கம் இறங்கி அடுத்த வெடி கிடைக்காது. கேப் அடித்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து ஒரு முழு நிமிடம் காத்திருங்கள்.

50 கெஜ தூரத்தில், மணல் மூட்டைமேல் வைத்துச் சுடுங்கள். குண்டுகள் எங்கே விழுந்தாலும் குறிபார்க்கும் சைட்டைத் தொடாதீர்கள்; இன்றைக்குப் பார்ப்பது ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதை மட்டும். காற்று பலமாக அடித்தால் இன்னொரு நாள் ஒத்திவைப்பதே மேல். உருண்டை ஈயக்குண்டைக் காற்று எளிதாகத் தள்ளிவிடும்.

இலக்குத் தாளைவிட அதிகம் சொல்வது சுட்ட துணி. களத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்திய பிறகு பத்துப் பதினைந்து கெஜம் நடந்தால் கிடைக்கும். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் கருத்து, சுற்றிலும் புரியின் தடம் மங்கலாகப் பதிந்து, துணி கிழியாமல் இருந்தால் நல்லது. ஓரம் பிசிறினால் கவலை வேண்டாம். நடுவில் எரிந்த பொத்தல் என்றால் துணி மெலிது அல்லது எண்ணெய் போதவில்லை; .018க்கு மாறிப் பாருங்கள். வட்டத்தைச் சுற்றிக் கத்தியால் கீறியதுபோல வெட்டுகள் இருந்தால் குழல்வாயின் விளிம்போ புரியோ கூராக இருக்கிறது. அதை மருந்து அளவை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

நெருக்கமாக விழுந்த அளவுக்கு மேலும் கீழும் 5 கிரெயின் வைத்து, அடுத்த முறை 15 வெடி போதும். உதாரணமாக 70 நன்றாக இருந்தால் 65, 70, 75.

கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அன்றைக்கே பாத்திர சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். மறுநாள் காலை வெள்ளைத் துணி ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். பழுப்பு ஒட்டியிருந்தால் மறுபடி கழுவ வேண்டும்.