குறும்படத்துக்கு இசை போடும்போது நம்ம ஊரில் நடக்கும் தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குறும்படம் எடுக்கிற பசங்க கேமராவில் கலக்குகிறார்கள், இசையில்தான் சொதப்பல்.

பெரிய தவறு, எடிட்டிங் முடிந்து ரிலீஸ் தேதியும் சொன்ன பிறகு இசையமைப்பாளரைத் தேடுவது. அதற்குள் எடிட்டர் ஏதோ ஒரு ஹிட் படத்தின் பின்னணி இசையைச் சும்மா போட்டு வைத்திருப்பார், இயக்குநருக்கு அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போய், கடைசியில் "இதே மாதிரி வேணும்" என்பார். காப்பி அடிப்பதைத் தவிர இசையமைப்பாளர் வேறென்ன செய்வார்? கதை பேப்பரில் இருக்கும்போதே அவரிடம் கொடுங்கள். முதல் எடிட் தயாரானதும் சேர்ந்து உட்கார்ந்து, இசை எங்கே தொடங்கி எங்கே நிற்கணும் என்று நொடியோடு குறியுங்கள்.

அப்புறம் கடற்கரை. 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' முட்டத்தில் எடுத்தார்கள், இளையராஜா இசை. அதிலிருந்து கடலைக் கண்டாலே எல்லோருக்கும் வயலின் ஞாபகம்தான். நம்மவர்கள் அதைப் போடுவதோ மைக்கில் ஏறிய காற்றிரைச்சலை மறைக்க. மறையாது, வசனம்தான் அமுங்கும். மைக்குக்கு ரோம உறை போடுங்கள். ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடி நிற்கச் சொல்லி, அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்தால் வசன இடைவெளிகளில் ஒட்டுப்போட உதவும்.

அழுகிற காட்சிக்கெல்லாம் ஷெனாய் வேண்டாம், நடிப்பு நன்றாக இருந்தால் இசையே இல்லாமல் சும்மா விடுங்கள். 1954-இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்த எஸ். பாலசந்தர் பெரிய வீணை வித்வான் என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு எரிச்சலே வருவது கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழாக் காட்சியில்தான். சுடலைமாடன் கொடைக்கு நெட்டில் எடுத்த பொதுவான நாதஸ்வரத்தை ஒட்டுகிறார்கள். வில்லுப்பாட்டு பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறதே! வீசுகோல் பட்டதும் வில்லில் தொங்கும் மணிகள் மொத்தமாகக் குலுங்கும், அதுக்குக் கீழே குடத்தின் 'கும்', இடையில் உடுக்கை; எந்த லைப்ரரியிலும் இது இப்படிக் கிடைக்காது. குழுவுக்குக் காசு கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள், டைட்டிலில் பேரும் போடுங்கள்.

"பத்து நொடிதானே, நன்றி கார்டு போட்டாச்சே" என்று சினிமாப் பாட்டைச் செருகுவது யூடியூபில் செல்லாது. காப்புரிமை உள்ள பாட்டை அடையாளம் காணும் அதன் கன்டென்ட் ஐடி தானாகவே கண்டுபிடித்துவிடும், உரிமைக்காரர் நினைத்தால் வீடியோவையே முடக்கலாம்.

கடைசி மிக்ஸிங்கை ஹெட்போனில் மட்டும் கேட்டு ஓகே சொல்லாதீர்கள். முக்கால்வாசிப் பேர் போன் ஸ்பீக்கரில்தான் பார்ப்பார்கள், அதில் குடத்தின் 'கும்' கேட்கவே கேட்காது.