நியுவே வெள்ளி நாணயத்தில் பச்சைப் பிசுக்கு: நான் எடுத்த விதம்

பசிபிக் தீவு நாடான நியுவே வெளியிட்ட 1 அவுன்ஸ் வெள்ளி நாணயம் ஒன்றை இன்னொரு சேகரிப்பாளரிடமிருந்து வாங்கினேன். ஒரு பக்கம் கடலாமை, மறுபக்கம் இரண்டாம் எலிசபெத் ராணி, முகமதிப்பு 2 டாலர். ராணியின் கழுத்தோரம் மட்டும் பச்சையாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது.

கோளாறு வெள்ளியில் இல்லை, அதைப் போட்டுவைத்திருந்த உறையில். வளைந்து கொடுக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளாக ஆக உள்ளிருக்கும் ரசாயனத்தைக் கசியவிடும். அமிலமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும்.

"விபூதி போட்டுத் தேய்" என்றார் அம்மா. குங்குமச் சிமிழுக்கு அது சரி. நாணயத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் விலை போச்சு!

பிசுக்கைக் கரைக்கும், எளிதில் தீப்பற்றும் திரவமான தூய அசிட்டோன் வாங்கினேன். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்கும்வரை ஊற்றி மூடினேன். பிசுக்கு இளகியதும் புது அசிட்டோனில் இன்னொரு முக்கு. துணியே தொடவில்லை, விளிம்பைப் பிடித்துத் தூக்கித் தானாகக் காயவிட்டேன். பச்சை போய்விட்டது. அரித்த இடத்தில் லேசான மங்கல் இருக்கிறது, அதற்கு வழியில்லை.

துவாலு, குக் தீவுகள் போன்ற மற்ற பசிபிக் தீவுகளின் பெயரில் வண்ணம் அச்சிட்ட நாணயங்கள் நிறைய வருகின்றன. அவற்றில் இதைச் செய்யாதீர்கள், வண்ணமே கரைந்துவிடும். அப்புறம், பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டியான அக்ரிலிக் கூட்டுக்கு மாற்றிவிடுங்கள்.